படுத்துவிட்ட கம்ப்யூட்டரிலிருந்து ஃபைல்களை மீட்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

வீட்டுக் கம்ப்யூட்டர் கிளம்பவில்லை என்றால், எப்படியாவது அதைக் கிளப்பிவிட வேண்டும் என்றுதான் முதலில் தோன்றும். காரியம் கெடுவது அங்கேதான். கிளப்புவதற்காக நாம் செய்யும் பல வேலைகள் டிஸ்கின் மேல் எதையாவது எழுதுகின்றன. மதர்போர்டு போனால் வேறு வாங்கிக்கொள்ளலாம். குழந்தையின் முதல் பிறந்தநாள் படங்களை எந்தக் கடையிலும் வாங்க முடியாது. அதனால் இங்கே ஃபைல்களை வெளியே எடுப்பது முதலில், ரிப்பேர் அப்புறம்.

இது விண்டோஸ் ஓடும் டெஸ்க்டாப்புக்கும் லேப்டாப்புக்கும் எழுதியது. பாகம் ஏதோ பழுதாகி, உள்ளே ஃபைல்கள் மாட்டிக்கொண்ட நிலைக்கு. அண்மைக்கால மேக்புக்குகளில் சேமிப்புச் சிப் போர்டிலேயே பற்றவைக்கப்பட்டிருக்கும், தகவலும் பூட்டப்பட்டிருக்கும். அவற்றுக்கு இந்த வழி பொருந்தாது.

1. முதலில், செய்யக் கூடாதவை

திரும்பத் திரும்ப ஆன் செய்து பார்க்காதீர்கள். பழுது டிஸ்கில் இருந்தால், ஒவ்வொரு முறை ஆன் செய்யும்போதும் அது இன்னும் கொஞ்சம் கெடும். ஹார்ட் டிஸ்கிலிருந்து ‘டிக், டிக்’ என்று சீராகத் தட்டும் சத்தமோ உரசும் சத்தமோ கேட்டால், உடனே பவரை நிறுத்திவிட்டு 9-ஆம் பகுதிக்குப் போங்கள். நடுவில் உள்ள எதுவும் உங்களுக்கு உதவாது.

‘இந்த டிஸ்கை பார்மட் செய்ய வேண்டும்’ என்று விண்டோஸ் கேட்டால், கேன்சல். டிஸ்க் தனக்குப் புரியவில்லை என்பதைத்தான் விண்டோஸ் அப்படிச் சொல்கிறது. உள்ளே ஒன்றும் இல்லை என்று அதற்கு அர்த்தம் இல்லை.

செக்டிஸ்க் ஓட்டாதீர்கள். பலரும் முதலில் சொல்லும் யோசனை இதுதான், நோயுற்ற டிஸ்குக்கு மிகக் கெட்ட யோசனையும் இதுதான். செக்டிஸ்க் ஃபைல் அமைப்பின் ஒழுங்கைச் சரிசெய்யும் கருவி. படிக்க முடியாத இடங்களைச் சந்தித்தால் அங்கிருக்கும் பதிவுகளை வெட்டி எறிந்துவிட்டு, ‘சரியாகிவிட்டது’ என்று சொல்லும். டிஸ்க் ஒழுங்காகிவிடும், ஃபைல்கள்தான் இருக்காது.

விண்டோஸை மறுபடி நிறுவுவதும், ‘ரீசெட்’ கொடுப்பதும், சர்வீஸ் கடையில் ‘ஓஎஸ் போட்டுக் கொடுங்கள்’ என்று சொல்லிவிட்டு வருவதும் இதே வகைதான். கடைக்காரர் கேட்ட வேலையைச் செய்து கொடுப்பார். உள்ளே என்ன இருந்தது என்று அவருக்குத் தெரியாது.

தண்ணீரோ காபியோ கொட்டியிருந்தால் ஆன் செய்யவே வேண்டாம். லேப்டாப் என்றால் சார்ஜரைப் பிடுங்கி, பேட்டரியின் இணைப்பையும் எடுத்துவிடுங்கள். டிஸ்கை மட்டும் தனியே கழற்றி, ஈரம் பட்டதா என்று பாருங்கள்.

2. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

பாதி வேலையில் ஒரு பொருள் இல்லாமல் நிற்பது இந்த வேலையில் ஆபத்து. சாகக் கிடக்கும் டிஸ்கை ஓடவிட்டுவிட்டுக் கடைக்குப் போக முடியாது. அதனால் எல்லாவற்றையும் முதலில் சேர்த்து வையுங்கள்.

சேருமிட டிஸ்க், அதாவது மீட்டதைப் போட்டுவைக்கும் டிஸ்க். பழைய டிஸ்கின் மொத்தக் கொள்ளளவைவிடப் பெரிதாக இருக்க வேண்டும். 1 டிபி டிஸ்கில் 200 ஜிபிதான் நிரம்பியிருக்கிறது என்று 500 ஜிபி வாங்கி வருபவர்கள் உண்டு. முழு நகல் எடுக்க வேண்டி வந்தால் காலியிடத்தையும் சேர்த்துத்தான் நகலெடுப்போம், எனவே 2 டிபி வாங்குங்கள். அதை எஃப்ஏடி32 முறையில் பார்மட் செய்யாதீர்கள். அதில் ஒரு ஃபைல் 4 ஜிபியைத் தாண்ட முடியாது. எக்ஸ்ஃபேட் அல்லது என்டிஎஃப்எஸ் சரி.

வேலை செய்யும் இன்னொரு கம்ப்யூட்டர். நண்பருடையதாக இருந்தாலும் பரவாயில்லை.

8 ஜிபி அல்லது அதற்கு மேற்பட்ட பென் டிரைவ். இது முழுவதும் அழிக்கப்படும். உள்ளே இருப்பதைப் பார்க்காமல் எடுத்துவந்து, இருந்த ஒரே பேக்கப்பையும் அழித்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

யூஎஸ்பி அடாப்டர். இதில்தான் புதியவர்கள் தவறாக வாங்குகிறார்கள். லேப்டாப்பின் 2.5 அங்குல சாட்டா (டிஸ்கை இணைக்கும் ஒரு முறை) டிஸ்குக்கு யூஎஸ்பி தரும் 5 வோல்ட் போதும். டெஸ்க்டாப்பின் 3.5 அங்குல டிஸ்குக்கு 12 வோல்ட்டும் வேண்டும், ஆகவே தனி பவர் அடாப்டரோடு வருவதை வாங்குங்கள். சூயிங்கம் பட்டை போல மெல்லிய எம்.2 எஸ்எஸ்டி (சுழலும் தட்டு இல்லாமல் சிப்புகளில் சேமிப்பது) என்றால், அது சாட்டா வகையா என்விஎம்இ வகையா என்று ஸ்டிக்கரில் படித்துவிட்டுப் போங்கள். தோற்றத்தில் இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும். ஒன்றுக்கு மட்டுமான அடாப்டரில் மற்றது வேலை செய்யாது.

பிட்லாக்கர் (விண்டோஸின் டிஸ்க் பூட்டு) சாவி. ‘நான் பூட்டே போடவில்லையே’ என்பார்கள். மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து அமைத்த விண்டோஸ் 11 லேப்டாப்புகள் பலவற்றில் டிஸ்க் தானாகவே பூட்டப்பட்டிருக்கும். கம்ப்யூட்டர் நன்றாக இருக்கும்வரை அது நமக்குத் தெரியாது. டிஸ்கைக் கழற்றி வேறு கம்ப்யூட்டரில் மாட்டினால் 48 இலக்கச் சாவியைக் கேட்கும். வேறு கம்ப்யூட்டரிலோ போனிலோ உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கைத் திறந்து, சாதனங்கள் பட்டியலில் இந்தச் சாவி இருக்கிறதா என்று இப்போதே பாருங்கள். பல சாவிகள் இருந்தால், திரையில் காட்டும் சாவி அடையாளத்தின் முதல் 8 எழுத்துகளை ஒப்பிட்டுச் சரியானதை எடுக்கலாம். பூட்டு இருந்து சாவி எங்கும் இல்லை என்றால், எந்த மென்பொருளும் எந்த ஆய்வகமும் அதைத் திறக்காது.

இவை தவிர ஸ்க்ரூ டிரைவர், போனில் கேமரா. கழற்றும் ஒவ்வொரு கேபிளையும் கழற்றுமுன் படம் எடுங்கள்.

3. பழுது எங்கே: டிஸ்கிலா, வெளியிலா

இந்தக் கேள்விக்கு விடை தெரிந்தால் மீதி வழி தானாகத் தெரியும். கீழே உள்ளவற்றில் உங்கள் கம்ப்யூட்டர் எது என்று பாருங்கள்.

பட்டனை அழுத்தினால் விளக்கே எரியவில்லை. எக்ஸ்டென்ஷன் போர்டு, பவர் கேபிள், எஸ்எம்பிஎஸ் (டெஸ்க்டாப்புக்குள் மின்சாரம் தரும் பெட்டி), லேப்டாப் என்றால் சார்ஜர். இந்த வரிசையில் சந்தேகப்படுங்கள். டிஸ்க் பெரும்பாலும் நன்றாக இருக்கும். நேரே 4-ஆம் பகுதிக்குப் போகலாம்.

ஃபேன் சுற்றுகிறது, திரை கறுப்பு. ராம், மானிட்டர் கேபிள், மதர்போர்டு ஆகியவற்றில் ஒன்று. ‘பீப்’ சத்தம் வந்தால் எத்தனை, நீளமா குறுகியதா என்று குறித்துக்கொள்ளுங்கள். மதர்போர்டு தயாரிப்பாளரின் கையேட்டில் அர்த்தம் இருக்கும். இங்கேயும் டிஸ்க் தப்பித்திருக்க வாய்ப்பு அதிகம்.

நிறுவனத்தின் லோகோ வருகிறது, அப்புறம் ‘பூட் டிவைஸ் இல்லை’ என்கிறது. பயாஸுக்குள் (விண்டோஸ் வருமுன் ஓடும் மதர்போர்டின் சொந்த மென்பொருள்) போய் டிஸ்கின் பெயர் தெரிகிறதா என்று பாருங்கள். தெரியவில்லை என்றால் கேபிளையும் அது மாட்டியிருக்கும் இடத்தையும் மாற்றிப் பார்க்கலாம். பெயர் தெரிகிறது, ஆனால் தேதி பல வருடங்கள் பின்னால் போயிருக்கிறது என்றால், மதர்போர்டில் இருக்கும் சிஆர்2032 என்ற வட்ட பேட்டரி தீர்ந்திருக்கலாம். அது தீர்ந்தால் பயாஸ் அமைப்புகள் பழைய நிலைக்குத் திரும்பி, விண்டோஸைத் தேட வேண்டிய முறையே மாறிவிடும். மலிவான பேட்டரி ஒன்றால் முடியும் வேலைக்கு டிஸ்கையே குறை சொல்ல வேண்டாம்.

விண்டோஸ் வருகிறது, ஆனால் ஒரு ஃபோல்டரைத் திறக்கப் பல நிமிடம் ஆகிறது, நடுநடுவே உறைகிறது. நான்கில் இதுதான் மோசமானது. ஓடுகிறதே என்று வாரக்கணக்கில் ஓட்டுவார்கள். டிஸ்க் ஒவ்வொரு பழுதான இடத்தையும் படிக்க மறுபடி மறுபடி முயல்வதுதான் அந்தத் தாமதம். இப்போதே ஷட் டவுன் செய்துவிட்டு 5-ஆம் பகுதிக்குப் போங்கள்.

எஸ்எஸ்டி-யில் சத்தம் எதுவும் வராது. அது சாகும்போது பெரும்பாலும் எச்சரிக்கை இல்லாமல் ஒரே நாளில் காணாமல் போகும், அல்லது எழுத மறுத்துப் படிக்க மட்டும் அனுமதிக்கும். இரண்டாவது நிலை அதிர்ஷ்டம். உடனே நகலெடுங்கள்.

4. டிஸ்கை வெளியே எடுத்து மாட்டுவது

பவர் கேபிளைச் சுவரிலிருந்து பிடுங்கிய பிறகு, பவர் பட்டனைச் சில நொடிகள் அழுத்திப் பிடியுங்கள். உள்ளே மிச்சமிருக்கும் மின்சாரம் இறங்கும். கேபினெட்டின் இரும்பு உடம்பைத் தொட்டுவிட்டு வேலையைத் தொடங்குங்கள். நம் உடம்பின் நிலைமின்சாரம் போர்டைக் கெடுக்காமல் இருக்க இது போதும்.

டெஸ்க்டாப் டிஸ்கை இன்னொரு டெஸ்க்டாப்பின் உள்ளேயே மாட்டினால் மிகவும் நல்லது, யூஎஸ்பி வழியைவிட நம்பகமாக வேலை செய்யும். அப்படி மாட்டும்போது பழைய எஸ்எம்பிஎஸ்-இன் கழற்றி மாட்டும் கேபிளைப் புதியதில் செருகாதீர்கள். செருகும் முனை பொருந்தும், உள்ளே கம்பிகளின் வரிசை தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர் மாறும். 5 வோல்ட் போக வேண்டிய இடத்தில் 12 வோல்ட் போய், நன்றாக இருந்த டிஸ்க் அந்த நொடியில் எரிந்துபோகும்.

வெளிப்புற ஹார்ட் டிஸ்க் பழுதானாலும் இதே எச்சரிக்கை. லேப்டாப்பின் 19 வோல்ட் சார்ஜர் முனை சில 12 வோல்ட் டிஸ்குகளில் அழகாகப் பொருந்தும். வோல்ட்டைப் படித்துவிட்டுச் செருகுங்கள். உறையைப் பிரித்து உள்ளிருக்கும் டிஸ்கை எடுத்தால் ஆயிற்று என்பதும் எப்போதும் உண்மையில்லை. சில கையடக்க டிஸ்குகளில் யூஎஸ்பி முனை டிஸ்கின் போர்டிலேயே இருக்கும். சிலவற்றில் நாம் கடவுச்சொல் வைக்காவிட்டாலும் அந்தப் போர்டு தகவலைப் பூட்டித்தான் எழுதும்.

மாட்டியதும் விண்டோஸில் புது டிரைவ் எழுத்து தெரியும். ‘யூசர்ஸ்’ ஃபோல்டருக்குள் உங்கள் பெயரைத் திறந்தால் ‘அனுமதி இல்லை’ என்று வரலாம். பழைய கம்ப்யூட்டரின் பயனர் இந்தக் கம்ப்யூட்டருக்கு அந்நியர், அவ்வளவுதான். ‘கன்டின்யூ’ கொடுத்தால் விண்டோஸ் ஒவ்வொரு ஃபைலின் அனுமதியையும் மாற்றி எழுதும். டிஸ்க் ஆரோக்கியமாக இருந்தால் அதில் தவறில்லை. சந்தேகம் இருந்தால் கொடுக்காதீர்கள், அடுத்த பகுதியின் லினக்ஸ் (விண்டோஸுக்கு மாற்றான இலவச இயங்குதளம்) வழிக்கு வந்துவிடுங்கள். அங்கே இந்த அனுமதித் தடை இருக்காது.

5. லினக்ஸ் பென் டிரைவ், டிஸ்கின் உடல்நிலை

லேப்டாப்பைத் திறக்க மனம் வரவில்லை, அல்லது டிஸ்க் நோயுற்றிருக்கிறது. இரண்டுக்கும் இந்த வழிதான். பென் டிரைவிலிருந்து லினக்ஸை ஓட்டினால், பழைய டிஸ்கை நாம் திறக்கும்வரை அது தொடாது. விண்டோஸ் போலப் பின்னணியில் எதையாவது எழுதிக்கொண்டிருக்காது.

நல்ல கம்ப்யூட்டரில் உபுண்டு என்ற லினக்ஸ் தொகுப்பின் ஐஎஸ்ஓ ஃபைலை (முழுத் தொகுப்பும் ஒரே ஃபைலாக இருப்பது) இறக்கி, ரூஃபஸ் அல்லது எட்சர் என்ற மென்பொருள் கொண்டு பென் டிரைவில் எழுதுங்கள். ஐஎஸ்ஓ ஃபைலை வெறுமனே காப்பி பேஸ்ட் செய்தால் அதிலிருந்து பூட் ஆகாது. ‘பென் டிரைவ் சரியில்லை’ என்ற புகார்களில் பெரும்பாலானவற்றுக்கு இதுதான் காரணம்.

பழைய கம்ப்யூட்டரை ஆன் செய்ததும் பூட் மெனுவுக்கான பட்டனைத் தட்டிக்கொண்டே இருங்கள். தயாரிப்பாளரைப் பொறுத்து எஃப்12, எஃப்9, எஃப்11, எஸ்கேப் என்று மாறும். உபுண்டு வந்ததும் ‘ட்ரை’ என்பதைத் தேர்ந்தெடுங்கள். ‘இன்ஸ்டால்’ என்பதைத் தொட்டால், நாம் இத்தனை கவனமாகத் தவிர்த்ததை நாமே செய்துவிடுவோம்.

டிஸ்க் தெரியவில்லை என்றால், பயாஸில் சேமிப்பு முறை ‘ராய்டு’ அல்லது ‘ஆர்எஸ்டி’ என்று இருக்கிறதா பாருங்கள். ‘ஏஎச்சிஐ’ என்று மாற்றினால் தெரியக்கூடும். ஆனால் பழைய அமைப்பைப் படம் எடுத்துவிட்டு மாற்றுங்கள். மாற்றிய நிலையில் விண்டோஸ் கிளம்பாது, பிட்லாக்கர் சாவியும் கேட்கலாம்.

டிஸ்கைத் திறக்குமுன் உடல்நிலையைப் பாருங்கள். உபுண்டுவின் ‘டிஸ்க்ஸ்’ என்ற கருவியில் ‘ஸ்மார்ட்’ தகவல், அதாவது டிஸ்க் தன் உடல்நிலை பற்றித் தானே வைத்திருக்கும் கணக்கு, இருக்கிறது. விண்டோஸ் கம்ப்யூட்டரில் மாட்டியிருந்தால் கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருள் போதும். நீலம் நலம், மஞ்சள் கவனம், சிவப்பு ஆபத்து. நிறத்தை மட்டும் நம்பாமல் நான்கு வரிகளைப் படியுங்கள்.

5 என்ற எண், பழுதாகி வேறிடத்துக்கு மாற்றப்பட்ட செக்டார்களை (டிஸ்கின் சிறு சேமிப்புத் துண்டுகளை) சொல்கிறது. 197 படிக்க முடியாமல் காத்திருப்பவை. 198 தேடிப்பார்த்தும் சரிசெய்ய முடியாதவை. 197-இல் பூஜ்யத்துக்கு மேல் எது இருந்தாலும் அந்த டிஸ்கை நோயாளியாகவே நடத்துங்கள். 199 மட்டும் கூடியிருந்தால் மகிழ்ச்சி. அது பெரும்பாலும் கேபிள் பழுது, கேபிளை மாற்றினால் போதும்.

கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோவில் இந்த எண்கள் 05, சி5, சி6, சி7 என்று பதினாறடிமான முறையில் தெரியும். மதிப்புகளும் அப்படியே. 10 என்று கண்டால் அது 16. அமைப்பில் பத்தடிமானத்துக்கு மாற்றிக்கொள்ளலாம்.

எல்லாம் பூஜ்யம் என்றால், ஃபைல்களைச் சாதாரணமாகக் காப்பி செய்துகொண்டு 8-ஆம் பகுதிக்குப் போங்கள். விண்டோஸ் உறங்குநிலையில் நின்றிருந்தால் லினக்ஸ் அந்த டிஸ்கைப் படிக்க மட்டுமே தரும். நமக்கு வேண்டியதும் அதுதான். வலுக்கட்டாயமாக எழுதத் திறக்கச் சொல்லும் யோசனைகளைப் பின்பற்ற வேண்டாம்.

6. நோயுற்ற டிஸ்கை முழுதாக நகலெடுப்பது

கொஞ்சம் நிதானமாகப் படிக்க வேண்டிய பகுதி இது. தவறு நடந்தால் திருத்த முடியாத பகுதியும் இதுதான்.

சாதாரணக் காப்பி ஏன் கூடாது? ஃபைல் ஃபைலாகக் காப்பி செய்யும்போது கணினி பழுதான இடத்தில் முட்டிக்கொண்டு நிற்கும். அந்த ஒரு செக்டாருக்காக டிஸ்க் பல நொடிகள் போராடும். அந்தப் போராட்டத்திலேயே டிஸ்கின் படிக்கும் தலை பழுதாகி, இதுவரை நன்றாக இருந்த பகுதிகளும் கையை விட்டுப் போகலாம். டிடிரெஸ்க்யூ என்ற இலவசக் கருவி இதைத் தலைகீழாகச் செய்கிறது. நன்றாகப் படிக்கக் கிடைப்பதை முதலில் வேகமாக அள்ளிக்கொள்ளும், பழுதான இடங்களைத் தாண்டிப் போகும், கடைசியில் மட்டும் அவற்றுக்குத் திரும்பும்.

ஒரே ஒரு விதிவிலக்கு. உங்களுக்கு உயிர்நாடியான ஃபைல்கள் சில மட்டும், அளவும் சிறிது, டிஸ்கும் இன்னும் ஓரளவு பேசுகிறது என்றால், அவற்றை மட்டும் முதலில் எடுத்துவிட்டு முழு நகலுக்குப் போவேன். வீடியோக்களை அந்தப் பட்டியலில் சேர்க்காதீர்கள்.

உபுண்டுவில் இந்தக் கருவி ஜிடிடிரெஸ்க்யூ என்ற பெயரில் கிடைக்கும். இன்டர்நெட் இல்லாத இடம் என்றால் சிஸ்டம்ரெஸ்க்யூ என்ற லினக்ஸ் தொகுப்பைப் பென் டிரைவில் எழுதிக்கொள்ளுங்கள். டிடிரெஸ்க்யூவும் அடுத்த பகுதியில் வரும் டெஸ்ட்டிஸ்க்கும் அதில் முன்பே இருக்கும்.

முதல் வேலை, எந்த டிஸ்க் எது என்று உறுதிசெய்வது. டிஸ்குகளின் பட்டியலைக் காட்டும் எல்எஸ்பிஎல்கே கட்டளையில் கொள்ளளவையும் மாடல் பெயரையும் சேர்த்துப் பாருங்கள். லினக்ஸ் தரும் பெயர் ஒவ்வொரு பூட்டிலும் மாறலாம். நேற்று ‘பி’ என்றிருந்தது இன்று ‘சி’ என்று வரும். ரீஸ்டார்ட் செய்த ஒவ்வொரு முறையும் மறுபடி பாருங்கள்.

கட்டளையில் வரிசை இது: முதலில் மூலம், அடுத்து சேருமிடம், மூன்றாவதாக மேப் ஃபைல். முதல் இரண்டும் இடம் மாறினால், புது டிஸ்கின் வெறுமை பழைய டிஸ்கின் மேல் எழுதப்படும். என்டர் தட்டுமுன் வரியை வாய்விட்டுப் படியுங்கள். சிரிப்பாக இருக்கும், ஆனால் தவறு காதில்தான் முதலில் விழும்.

சேருமிடம் இரண்டு விதமாக இருக்கலாம். ஒரு காலி டிஸ்க், அல்லது பெரிய டிஸ்கில் ஒரு ஃபைல். வீட்டில் செய்பவர்களுக்கு ஃபைலாக எடுப்பதே பாதுகாப்பு, தவறான டிஸ்கை அழிக்கும் அபாயம் குறையும். பிட்லாக்கர் பூட்டு உள்ள டிஸ்க் என்றால் மட்டும் காலி டிஸ்குக்கு நேரடியாக எடுங்கள். அதை விண்டோஸ் கம்ப்யூட்டரில் மாட்டிச் சாவியைக் கொடுத்துத் திறப்பது எளிது.

மேப் ஃபைல் என்பது எதுவரை வந்தோம், எங்கே தாண்டினோம் என்ற கணக்கு. அது இருந்தால் மின்சாரம் போனாலும், டிஸ்க் சூடேறி நின்றாலும், விட்ட இடத்திலிருந்து தொடரலாம். அதைச் சேருமிட டிஸ்கிலேயே சேமியுங்கள். உபுண்டுவின் டெஸ்க்டாப்பில் சேமிப்பவர்கள் உண்டு. பென் டிரைவில் ஓடும் லினக்ஸில் டெஸ்க்டாப் என்பது ராமில் இருக்கிறது, ரீஸ்டார்ட் செய்தால் கணக்கு காணாமல் போகும்.

முதல் ஓட்டம் ‘என்’ என்ற விருப்பத்தோடு. பழுதான இடங்களைச் சுரண்டும் கட்டத்தைத் தவிர்க்கச் சொல்வது அது. முடிந்ததும் எத்தனை சதவீதம் கிடைத்தது என்று பாருங்கள். இரண்டாம் ஓட்டம் அதே மேப் ஃபைலோடு, ‘ஆர் 3’ என்ற விருப்பத்தோடு. மீதமுள்ள இடங்களை மூன்று முறை முயலும். இங்கே மணிக்கணக்கில் அசையாதது போலத் தெரியும். அது இயல்பு.

3.5 அங்குல டிஸ்க் ஓடும்போது ஒரு மேசை ஃபேனை அதன் மேல் காற்று படும்படி வையுங்கள். சூடு கூடினால் படிப்புப் பிழை கூடும். டிஸ்கை ஃப்ரிட்ஜில் வைக்கும் வித்தையை மட்டும் செய்யாதீர்கள். வெளியே எடுத்ததும் நம் ஊர்க் காற்றின் ஈரம் உள்ளே பனியாகப் படியும், அந்தப் பனியின் மேல் தலை ஓடும்.

7. நகலிலிருந்து ஃபைல்களை எடுப்பது

நகல் முடிந்ததும் பழைய டிஸ்கைக் கழற்றி ஓரமாக வையுங்கள். இனி எல்லா முயற்சியும் நகலின் மேல்தான். கெட்டுப்போனால் இன்னொரு நகல் எடுத்துக்கொள்ளலாம் என்ற தைரியம் இப்போது உங்களுக்கு உண்டு.

முதலில் நகலைச் சாதாரணமாகத் திறந்து பாருங்கள். பல நேரங்களில் ஃபோல்டர்கள் அப்படியே இருக்கும். பார்ட்டிஷன் (டிஸ்கின் சி, டி போன்ற பிரிவு) காணவில்லை என்றால் டெஸ்ட்டிஸ்க். அது தொலைந்த பார்ட்டிஷன்களைத் தேடிக் கண்டுபிடிக்கும். ஃபைல்களைப் பட்டியலிட்டுக் காட்டி, பெயரோடும் ஃபோல்டரோடும் காப்பி செய்யவும் விடும்.

அதுவும் உதவவில்லை என்றால் ஃபோட்டோரெக். பெயரைப் பார்த்து ஏமாறாதீர்கள், படங்கள் மட்டுமில்லாமல் ஆவணங்கள், வீடியோக்கள், ஜிப் ஃபைல்கள் எல்லாவற்றையும் தேடும். ஃபைல் அமைப்பை அது பொருட்படுத்தாது. ஒவ்வொரு வகை ஃபைலும் தொடங்கும் விதத்தை அடையாளம் கண்டு அள்ளும். அதனால் பெயர்களும் ஃபோல்டர்களும் போய்விடும், ஆயிரக்கணக்கில் எண் பெயர் கொண்ட ஃபைல்கள் வரும். இதை முதலிலேயே ஓட்டிவிட்டு, குவியலைப் பார்த்துத் தலையில் கைவைப்பவர்கள் அதிகம். அதனால்தான் கடைசியில் வைத்திருக்கிறேன். படங்களின் உள்ளே எடுத்த தேதி பதிந்திருக்கும், அதை வைத்து அடுக்கிக்கொள்ளலாம். துண்டு துண்டாகச் சிதறிக் கிடந்த பெரிய வீடியோக்கள் பாதியில் நின்றுபோகும்.

எஸ்எஸ்டி-யில் அழித்த ஃபைல்களை ஃபோட்டோரெக் மீட்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம். அழித்த இடங்களை விண்டோஸ் எஸ்எஸ்டி-க்குச் சொல்லிவிடும், எஸ்எஸ்டி அவற்றைத் தானே காலிசெய்துவிடும்.

8. எதையெல்லாம் எடுக்க வேண்டும்

டெஸ்க்டாப், டாகுமென்ட்ஸ், பிக்சர்ஸ், டவுன்லோட்ஸ். இவை யாருக்கும் மறப்பதில்லை. மறப்பவை வேறு.

அவுட்லுக் வைத்திருப்பவர்களின் மின்னஞ்சல் பல நேரங்களில் பிஎஸ்டி என்று முடியும் ஒரே பெரிய ஃபைலில் இருக்கும். தண்டர்பேர்டின் அஞ்சல்கள் ‘ஆப்டேட்டா’ என்ற மறைந்த ஃபோல்டருக்குள். விண்டோஸில் மறைந்தவற்றைக் காட்டச் சொன்னால்தான் அது கண்ணில் படும்.

டேலி வைத்துக் கடைக் கணக்கு எழுதுபவர்கள் டேலியின் டேட்டா ஃபோல்டரைத் தேடுங்கள். டேலிபிரைமில் அது வழக்கமாக யூசர்ஸ், பப்ளிக் ஆகியவற்றுக்குள் இருக்கும், உங்கள் பெயரில் இருக்காது. உள்ளே வெறும் எண்களைப் பெயராகக் கொண்ட ஃபோல்டர்கள்தான் நிறுவனக் கணக்குகள். குப்பை என்று நினைத்து விட்டுவிடாதீர்கள்.

குரோமின் புக்மார்க் ஃபைலைக் காப்பி செய்தால் வேலை செய்யும். சேமித்த கடவுச்சொற்கள் பழைய விண்டோஸ் கணக்கோடு சேர்த்துப் பூட்டப்பட்டவை, காப்பி செய்தாலும் திறக்காது. கூகுள் கணக்கில் ஒத்திசைத்திருந்தால் அங்கே கிடைக்கும்.

தமிழில் பழைய ஆவணங்கள் வைத்திருப்பவர்கள் எழுத்துருக்களையும் எடுங்கள். பாமினியிலோ வானவில்லிலோ தட்டச்சு செய்த வேர்ட் ஃபைலைப் புதுக் கம்ப்யூட்டரில் திறந்தால் ஆங்கில எழுத்துகளும் குறிகளுமாகத் தெரியும். ‘ஃபைல் கெட்டுவிட்டது’ என்று அழித்துவிடுவார்கள். ஃபைல் கெடவில்லை, அந்த எழுத்துரு இல்லை. யூனிகோட் வருமுன் வந்த இந்த எழுத்துருக்கள் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைத்திருந்தன. விண்டோஸ் ஃபோல்டருக்குள் இருக்கும் ‘ஃபான்ட்ஸ்’ ஃபோல்டரை முழுதாகக் காப்பி செய்யுங்கள். ஆப்டேட்டாவுக்குள் இன்னொரு ஃபான்ட்ஸ் ஃபோல்டர் இருந்தால் அதையும். தாத்தா தட்டச்சு செய்து வைத்த குடும்ப வரலாறு இப்படித்தான் திரும்பக் கிடைக்கும். அப்புறம் ஒரு மாற்றி கொண்டு யூனிகோடுக்கு மாற்றி வைத்துவிட்டால் இந்தத் தொல்லை மறுபடி வராது.

9. ஆய்வகத்துக்குப் போக வேண்டிய கட்டம்

தட்டும் சத்தம், கீழே விழுந்த டிஸ்க், பயாஸிலும் பெயர் வராத டிஸ்க், பெயர் வந்தாலும் கொள்ளளவு பூஜ்யம் என்று காட்டுவது. இவற்றுக்கு மென்பொருள் மருந்து கிடையாது.

மூடியைத் திறந்து பார்க்க ஆசைப்படாதீர்கள். தகவல் பதிந்திருக்கும் தட்டுக்கும் அதைப் படிக்கும் தலைக்கும் இடையிலுள்ள இடைவெளியைவிட வீட்டுத் தூசி பல மடங்கு பெரிது. இதே மாடல் டிஸ்கின் போர்டை மாற்றினால் போதும் என்ற பழைய யோசனையும் இப்போது பலிக்காது. ஒவ்வொரு டிஸ்குக்கும் உரிய அளவீடுகள் அதன் போர்டில் இருக்கும் சிப்பில் பதிந்திருக்கின்றன. சிப்பையும் மாற்றிப் பற்றவைத்தால்தான் பயன்.

தரவு மீட்பு நிறுவனத்தைத் தேர்ந்தெடுக்கும்போது மூன்று கேள்விகள் கேளுங்கள். பார்ப்பதற்கு மட்டும் எவ்வளவு? கிடைக்காவிட்டால் கட்டணம் உண்டா? கிடைத்த ஃபைல்களின் பட்டியலைப் பணம் கொடுக்கும் முன் காட்டுவீர்களா? டிஸ்கின் சீரியல் எண்ணைப் படம் எடுத்து, ரசீதில் எழுதி வாங்கிக்கொண்டு கொடுங்கள். நீங்கள் முன்பே என்னென்ன செய்து பார்த்தீர்கள் என்பதையும் மறைக்காமல் சொல்லுங்கள், அவர்கள் தொடங்கும் இடமே அதனால் மாறும்.

10. இப்போது ரிப்பேர்

ஃபைல்கள் கையில் வந்துவிட்டன. இனி கம்ப்யூட்டரை எப்படி வேண்டுமானாலும் நோண்டலாம். மலிவானதிலிருந்து தொடங்குங்கள்.

ராமைக் கழற்றி, பொன்னிறப் பட்டையை வெள்ளை அழிரப்பரால் மெதுவாகத் தேய்த்து, தூளை ஊதிவிட்டு மறுபடி மாட்டுங்கள். இரண்டு ராம் இருந்தால் ஒவ்வொன்றாகப் போட்டுப் பாருங்கள், துளையையும் மாற்றிப் பாருங்கள். கிளம்பிய பிறகும் நீலத் திரை வந்தால் மெம்டெஸ்ட்86 என்ற ராம் சோதனை மென்பொருளை இரவு முழுக்க ஓட விடுங்கள். ஒரே ஒரு பிழை வந்தாலும் அந்த ராம் வேண்டாம். பிழையுள்ள ராமோடு விண்டோஸ் நிறுவினால், நாளைக்கு ஃபைல்கள் கெடும்போது காரணம் புரியாமல் அலைவோம்.

எஸ்எம்பிஎஸ்-இன் பச்சைக் கம்பியையும் கறுப்புக் கம்பியையும் இணைத்து ஃபேன் சுற்றுகிறதா என்று பார்ப்பது வழக்கம். சுற்றவில்லை என்றால் பெரும்பாலும் அது போய்விட்டது. சுற்றினால் நன்றாக இருக்கிறது என்று அர்த்தமில்லை, சுமை ஏறும்போதுதான் உண்மை தெரியும். தெரிந்த நல்ல எஸ்எம்பிஎஸ் ஒன்றை மாட்டிப் பார்ப்பதே நம்பகமான சோதனை. எந்தக் காரணத்துக்காகவும் எஸ்எம்பிஎஸ் பெட்டியைத் திறக்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே இருக்கும் கெப்பாசிட்டர்களில் ஆளைத் தூக்கி அடிக்கும் அளவு மின்சாரம் தங்கியிருக்கும்.

197 காட்டிய டிஸ்கை பார்மட் செய்து மறுபடி பயன்படுத்தலாமா என்று கேட்பார்கள். எழுதிய பிறகு அந்த எண் பூஜ்யமாகக்கூட ஆகும். சினிமா பார்க்க வைத்துக்கொள்ளுங்கள், வேறெதற்கும் வேண்டாம்.

11. நகலைச் சோதித்த பிறகே பழைய டிஸ்க்

ஃபோல்டர் அளவு பொருந்துவதை மட்டும் பார்த்து நிம்மதியாகிவிடாதீர்கள். டிடிரெஸ்க்யூ படிக்க முடியாத இடங்களில் பூஜ்யங்கள் நிற்கும், ஃபைலின் அளவு சரியாகவே காட்டும். படங்களைச் சிறு வடிவில் வரிசையாக ஓடவிட்டுப் பாருங்கள், பாதி சாம்பல் நிறமாக இருப்பவை கண்ணில் படும். வீடியோக்களின் நடுவிலும் கடைசியிலும் ஒரு தட்டு. டேலி கணக்கை டேலியிலேயே திறந்து பாருங்கள்.

சரிபார்த்த பிறகு இரண்டாவது நகலை வேறொரு டிஸ்கில் எடுங்கள். இரண்டும் முடியும்வரை பழைய டிஸ்கை வாரன்டிக்குக் கொடுக்காதீர்கள். வாரன்டியில் திரும்ப வருவது வேறு டிஸ்க், உங்களுடையது வராது. கொடுப்பதற்கு முன் இன்னொன்றையும் யோசியுங்கள். அந்தப் பழைய டிஸ்கில் உங்கள் ஆதார் நகலும் வங்கி அறிக்கையும் இன்னும் படிக்கும்படிதான் இருக்கின்றன. டிஸ்க் எழுத அனுமதித்தால் முழுவதும் பூஜ்யம் எழுதிவிட்டுக் கொடுங்கள். எழுத விடாத டிஸ்க் என்றால், வாரன்டிப் பணத்தை மறந்துவிட்டுத் துளையிடும் எந்திரத்தால் தட்டுகள் வழியே நாலைந்து துளை போடுங்கள். எஸ்எஸ்டி என்றால் ஒவ்வொரு கறுப்புச் சிப்பும் உடைய வேண்டும்.